ஜெபகனி எழுதிய நான்கு குரல்கள்

எங்கள் கோரல் சொசைட்டியின் நாற்பது வருட நிகழ்ச்சி நிரல்களையும் ஒருநாள் வீட்டு ஹாலில் பரப்பிவைத்துப் பார்த்தேன். ஆண்டு மலருக்குச் சங்கத்தின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. பாடகர் பட்டியலில் ஜெபகனியின் பெயர் மட்டும் நான்கு விதமாக அச்சாகியிருந்தது. ஜெபாகானி, ஜபக்கனி, மிஸஸ் தேவா, ஒரே ஒருமுறை ஜெசிகா.

உடனே போன் செய்தேன். "ஒருதடவையாவது திருத்தச் சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?"

"எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பாத்துருவேன், விடுங்க பாரதி," என்றார். "ஜெசிகா நல்லாத்தான் இருந்துச்சு."

மலரில் அவரைப் பற்றி இரண்டு வரிதான் எழுத முடிந்தது. சங்க வரலாறு என்றால் தலைவர்கள், செயலாளர்கள், கச்சேரி நடந்த அரங்குகள் என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் ஜெபகனிக்கு இடமில்லை. அவர் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் நாற்பதாவது வருடம் என்று ஒன்று எங்களுக்கு வந்திருக்காது. அதனால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

பேர்ல் கோஸ்ட் கோரல் சொசைட்டி பஹ்ரைனில் 1982ஆம் ஆண்டு பதினான்கு பேரோடு தொடங்கியது. எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த ஆங்கிலேயக் குடும்பங்கள் ஒரு கிளப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஐரோப்பிய சாஸ்திரிய சங்கீதத்தைச் சேர்ந்து பாடினார்கள். மேல்குரல் பெண்கள் சொப்ரானோ, கீழ்க்குரல் பெண்கள் ஆல்ட்டோ, மேல்குரல் ஆண்கள் டெனர், அடிக்குரல் ஆண்கள் பேஸ் என்று நான்கு அணி. நான்கும் ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு மெட்டைப் பாடும். மார்கரெட் என்ற பள்ளி ஆசிரியைதான் ஆரம்பத்திலிருந்து நடத்துனர். தொண்ணூறில் குவைத் போர் வந்தபோது பாதிப் பேர் ஒரே மாதத்தில் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு மேடையில் நின்றவர்கள் ஒன்பது பேர். பிறகு, போனவர்கள் இடத்துக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தவர்கள் கோவாக்காரர்கள், பிலிப்பினோக்கள், மலையாளிகள், லெபனான்காரர்கள். நம்மவர்களில் முதலில் வந்தவர் ஜெபகனி.

அவர் உடன்குடிக்காரர். அப்பாவுக்கு அங்கே கருப்பட்டிக் கடை. ஒன்பது வயதில் கோவில் பாடகர் குழுவில் சேர்ந்தவர். தெற்கே சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபைகளில் பல ஊர்களில் கோவில் பாட்டை சோல்ஃபா என்ற முறையில் எழுதுவார்கள். டோ ரே மி ஃபா என்ற ஸ்வரங்களின் முதல் எழுத்துகள், நடுவில் தாளத்துக்கு இரட்டைப் புள்ளிகள், அவ்வளவுதான். வாய்ப்பாடு படிக்கிற வயதில் அதையும் படித்துவிடுவார்கள். நெய்யூரில் நர்சிங் முடித்து, 1992இல் பஹ்ரைன் வந்து, ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் சேர்ந்தார். கணவர் தேவசுந்தரம் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வரைபடம் போடுபவர். பையன் ஜெனோவின் பள்ளிக்கூடத்துக்காக ஈசா டவுனில் வீடு பார்த்தார்கள்.

1998இல் மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் 'பாட விருப்பமுள்ளவர்கள் வரலாம்' என்று ஒரு சீட்டைப் பார்த்துவிட்டு ஜெபகனி போனார். மார்கரெட் ஒரு கனமான புத்தகத்தைக் கையில் கொடுத்து ஆல்ட்டோ வரிசையில் உட்கார வைத்தார். புத்தகத்தைத் திறந்தால் டோவும் இல்லை, ரேயும் இல்லை. ஐந்து கோடு, அதன்மேல் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

"தந்திக் கம்பியில காக்கா உக்காந்த மாதிரி இருந்துச்சு," என்று என்னிடம் சொன்னார். "எந்தக் காக்கா டோன்னே தெரியல."

அதற்குப் பெயர் ஸ்டாஃப் நொட்டேஷன். அன்று மாலை முழுவதும் வாயை மட்டும் அசைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்புகிற ஒரு குடும்பத்திடமிருந்து பழைய கீபோர்டு ஒன்றை வாங்கினார். மனாமா புத்தகக் கடையில் சிறுவர்களுக்கான சங்கீத பாடப் புத்தகம் ஒன்று கிடைத்தது. டியூட்டி முடிந்து வந்து, ஜெனோவின் பள்ளி பஸ் வரும்வரை கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு காக்காவாகப் பெயர் கண்டுபிடித்து சோல்ஃபாவில் எழுதினார். ஆல்ட்டோ வரியை முடிக்க மூன்று வாரம் ஆனது. முடித்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. மற்ற மூன்று குரல்களும் என்ன பாடுகின்றன என்று தெரியாமல் தன் குரல் எங்கே நுழைகிறது என்று புரியவில்லை. சரி என்று நான்கையும் எழுத ஆரம்பித்தார்.

நான்கு குரல்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக, தாளம் தப்பாமல் நேர்கோட்டில் நிற்க வேண்டும். அதற்குக் கட்டம் போட்ட தாள் வேண்டும். தேவசுந்தரம் யார்டு வேலைக்கு வைத்திருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஜெபா, பத்துப் பக்கம் கோடு போட்டாச்சு. இன்னும் எத்தன இருக்கு?"

"நூத்தி எழுவது இருக்கும்ங்க."

"யாத்தாடி! ஒரு முழுக் கப்பலுக்கே இவ்வளவு டிராயிங் கெடையாதுட்டி."

ஆனாலும் போட்டுக் கொடுத்தார். இருபது வருடத்துக்கு மேல் போட்டுக் கொடுத்தார். அவர் ஒரு வரிகூடப் பாட மாட்டார். கச்சேரிக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாதியில் நன்றாகத் தூங்கிவிடுவார்.

நான் சங்கத்தில் சேர்ந்தது 2010இல். என் கணவருக்கு இங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. திருச்சியில் பன்னிரண்டு வருடம் கர்நாடக சங்கீதம் படித்தவள் என்ற மிதப்போடுதான் போனேன். மார்கரெட் என்னை ஆல்ட்டோவில், ஜெபகனிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். பாட்டு ஆரம்பித்தது. இரண்டு வரி தாண்டுவதற்குள் என் குரல் என்னை அறியாமல் சொப்ரானோ பக்கம் ஓடிவிட்டது. காதில் எது பெரிதாகக் கேட்கிறதோ அதைத்தானே வாய் பாடும்? மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி ஓடினேன். மூன்றாவது தடவை பக்கத்திலிருந்தவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"நீங்க சரிகம படிச்சவங்களா?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கை தொடையில தாளம் போடுதே. இந்தாங்க, இதப் பாருங்க. டோன்னா உங்க ஸ. ரேன்னா ரி. ஸ எங்கருக்குன்னு மட்டும் பிடிச்சிக்கிடுங்க. மத்தவங்க என்ன பாடுனாலும் நீங்க உங்க ஸ-வ விட்டுராதீங்க."

அவர் நீட்டிய தாளில் நான்கு குரல்களும் கட்டம் கட்டமாக நின்றன. பாட்டின் நடுவில் சுருதியே இடம் மாறுகிற ஒரு பகுதி. அங்கே புது டோவுக்கு மேலே சின்னதாகப் பழைய சோவை, அதாவது எங்கள் பஞ்சமத்தை, எழுதியிருந்தார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒரு ராகத்தின் பஞ்சமத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் இன்னொரு ராகம் பிறக்கும். அதை நாங்கள் கிரக பேதம் என்போம். பெரிய வித்வான்கள் மேடையில் அபூர்வமாகச் செய்துகாட்டுவது. இங்கே ஒரு நர்ஸ் அதைப் பென்சிலால் பக்கத்துக்கு இரண்டு இடத்தில் குறித்துவைத்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் எனக்கு ஜெபா அக்கா.

தாள்கள் அவரிடம் மட்டும் இருந்தவரை யாரும் அவற்றைப் பெரிதாக எண்ணவில்லை. 2012இல் ஒரு திங்கள்கிழமை அது மாறியது. அப்போது நாங்கள் ஒரு பள்ளிக்கூட அரங்கில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். இடைவேளையில் டீ குடிக்க வெளியே போனோம். திரும்பி வரும்போது வாசலில் செக்யூரிட்டி டியூட்டியில் இருந்த ஆப்பிரிக்கர் ஜெபா அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் அவருடைய தாள். மெதுவாக, ஆனால் கொஞ்சமும் தடுமாறாமல், பேஸ் வரியைப் பாடிக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். "சிஸ்டர், இத யாரு எழுதினது?"

"நான்தான். உங்களுக்கு இது வாசிக்கத் தெரியுமா?"

"கானாவில் எங்க சர்ச்சுல எல்லாரும் இதுலதான் பாடுவோம். இந்த ஊருக்கு வந்து நாலு வருஷத்துல இன்னிக்குத்தான் இதப் பார்க்கிறேன்."

அவர் பெயர் க்வாபெனா. கடல் கடந்து, வெவ்வேறு கண்டத்தில் பிறந்த இரண்டு பேர் ஒரே எழுத்தைப் படிக்கிறார்கள் என்பதை அவர்கள் இரண்டு பேருமே நம்ப முடியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பேஸ் அணியில் அப்போது மூன்றே பேர். ஆனால் திங்கள்கிழமை மாலை க்வாபெனாவுக்கு டியூட்டி. ஜெபா அக்கா மறுநாளே அவருடைய சூப்பர்வைசரைத் தேடிப் போனார். ஷம்சாத் என்ற பாகிஸ்தானி. மருத்துவமனையில் கற்ற இந்தியில் பேச்சு நடந்தது.

"ஷம்சாத் பாய், மண்டே மட்டும் அவருக்குக் காலை டியூட்டி போடுங்க."

"எதுக்கு சிஸ்டர்?"

"பாட்டுப் பாட."

ஷம்சாத் டியூட்டிப் பட்டியலை எடுத்துத் திங்கள்கிழமையை மாற்றிப் போட்டாராம். பிறகு, "அச்சா. ஆனா கச்சேரிக்கு எனக்கு முன்வரிசை சீட்டு வேணும்," என்றாராம். சொன்னபடியே வந்து, இரண்டரை மணி நேர லத்தீன் பாட்டை யூனிபார்மோடு முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்.

அதன் பிறகு தாள்களுக்குக் கிராக்கி வந்துவிட்டது. லால்ரின்பூயி என்ற மிசோரம் நர்ஸ் சொப்ரானோவுக்கு வந்தாள். அவர்கள் ஊரிலும் இதே சோல்ஃபாதான். கார் ஷோரூமில் ஸ்டோர் பார்க்கும் சாக்கோ என்ற மலையாளி டெனர் வந்தார். க்வாபெனா தன் ஊர்க்காரர்கள் நான்கு பேரைக் கூட்டிவந்தார். 2015இல் எண்ணெய் விலை விழுந்து வெள்ளைக்காரக் குடும்பங்கள் கும்பலாக ஊருக்குக் கிளம்பியபோது சங்கம் மூடப்படாமல் இருந்ததற்கு இவர்கள்தான் காரணம். அறுபது பேரில் முப்பது பேர் ஜெபா அக்காவின் தாளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

மறு வருடம் மார்கரெட் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். ஆண்ட்ரூ வந்தார். ஒரு பள்ளியின் இசைத்துறைத் தலைவர், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, தேர்ந்த இசைக்காரர். முதல் ஒத்திகையிலேயே தொல்லை தொடங்கியது. "பக்கம் முப்பத்தொன்று, அறுபத்திரண்டாவது கட்டத்திலிருந்து" என்பார் ஆண்ட்ரூ. பாதிப் பேர் புத்தகத்தைத் திறந்து தயாராக நிற்பார்கள். மீதிப் பாதி, "எங்க இருக்காரு? எது அறுபத்திரண்டு?" என்று தாள்களைப் புரட்டிக்கொண்டிருப்போம். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அறிவித்தார்: ஜனவரியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஆடிஷன். முன்பின் பார்த்திராத எட்டு கட்டம் ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்தவுடன் பாட வேண்டும். கையெழுத்துத் தாள்கள் இனி வேண்டாம்.

ஆடிஷன் என்ற சொல்லைக் கேட்டதுமே ஒன்பது பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கோபமான கோபம். காரில் வரும்போது பொரிந்து தள்ளினேன். "பதினெட்டு வருஷம் பாடினவங்களுக்கு இவர் யாரு பரீட்சை வைக்க? நாம எல்லாரும் சேர்ந்து விலகிடலாம் அக்கா."

ஜெபா அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். "தாள்ல கட்டத்துக்கு எண் போடாம விட்டது எந் தப்புதான? அவரு கேட்டதுல ஒண்ணும் தப்பில்ல பாரதி. இருபது நிமிஷம் வீணாப் போவுதுல்லா."

"அப்ப ஆடிஷன்?"

"மொதல்ல எண் போட்டு முடிக்கேன். அப்புறம் அதப் பாப்போம்."

அந்த மூன்று மாதத்தில் எங்களிடம் இருந்த அத்தனை தாள்களிலும், ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு மையில் எண் போட்டு, புத்தகத்தின் பக்க எண்ணையும் ஓரத்தில் குறித்துவிட்டார். தேவசுந்தரம் அண்ணனும் நானும் உதவிக்கு உட்கார்ந்தோம். இதை ஆண்ட்ரூவிடம் போய் அவர் சொல்லவில்லை. ஆடிஷன் பட்டியலில் முதல் ஆளாகத் தன் பெயரை எழுதினார்.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆட்களை அனுப்பும் வேலை எனக்கு. அதனால் நடந்ததை நேரில் பார்த்தேன். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

ஆண்ட்ரூ பியானோமேல் ஒரு தாளை வைத்தார். ஜெபா அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். இரண்டு கட்டம் சரியாக வந்தது. மூன்றாவதில் தடுமாறியதும் தானே நிறுத்திவிட்டார்.

"சார், இது எனக்கு முழுசா வரல. தப்பாப் பாடி உங்க நேரத்தை வீணாக்க விரும்பல. நாலு நிமிஷம் குடுங்க."

கைப்பையிலிருந்து பேனா எடுத்து, அந்த எட்டு கட்டத்தையும் சோல்ஃபாவில் எழுதினார். பிறகு பிசகில்லாமல் பாடினார்.

ஆண்ட்ரூ மரியாதையாகத்தான் பேசினார். "நல்லா இருக்கு. ஆனா ஒத்திகையில நான் நாலு நிமிஷம் காத்திருக்க முடியாதே."

"காத்திருக்க வேண்டாம் சார். நீங்களே ஒரு பாட்டு எழுதுங்க. நாலு குரலுக்கும். யாரும் பார்த்திருக்க முடியாத பாட்டா இருக்கணும். நான் மாத்தி எழுதறேன். வெளியே மூணு பேர் உக்காந்திருக்காங்க, அவங்க கையில குடுப்போம். பார்த்தவுடனே வரலைன்னா நீங்க சொல்றதுதான் சரி. நாங்க போயிடறோம்."

இசைக்காரரிடம் இப்படி ஒரு சவாலை வைத்தால் அவரால் சும்மா இருக்க முடியுமா? ஆண்ட்ரூ நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் பதினாறு கட்டம். நடுவில் வேண்டுமென்றே சுருதியை ஓர் இடத்தில் மாற்றி, கடைசியில் திரும்பக் கொண்டுவந்தார். எழுதும்போது அவர் உதட்டோரத்தில் ஒரு சிறுவனின் குறும்பு இருந்தது. ஜெபா அக்கா அதை வாங்கி மாற்றி எழுதி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. பள்ளி அலுவலக மெஷினில் நான் நான்கு பிரதி எடுத்துவந்தேன். லால்ரின்பூயி, சாக்கோ, க்வாபெனா மூவரையும் உள்ளே கூப்பிட்டோம். க்வாபெனா யூனிபார்மில் இருந்தார், வாசலில் அவர் இடத்தில் ஷம்சாத் நின்றிருந்தார்.

"என்ன அக்கா இது?" என்றாள் லால்ரின்பூயி.

"பாட்டு. பாடு," என்றார் ஜெபா அக்கா.

பியானோவில் டோவை ஒரே ஒருமுறை கேட்டுக்கொண்டார்கள். பிறகு பியானோ இல்லை. நான்கு குரல்கள் மட்டும். ஆறாவது கட்டத்தில் சுருதி மாறும் இடம் நெருங்கியபோது நான் கையிலிருந்த பட்டியலைக் கசக்கிக்கொண்டிருந்தேன். நால்வரும் பழைய சோவில் கால் வைத்து அதையே புது டோவாக்கிக்கொண்டு, படி ஏறுவதுபோல ஏறிப் போய்விட்டார்கள். திரும்ப இறங்கினார்கள். கடைசி ஸ்வரத்தில் நால்வரும் நின்றதும் ஆண்ட்ரூ மெல்ல பியானோவில் அதே ஸ்வரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு நூல்கூட இறங்கவில்லை.

அவர் "இன்னொரு முறை" என்று விரலால் காட்டினார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இந்த எழுத்துமுறை உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது?"

"உங்க ஊர்லேருந்துதான் சார்," என்றார் ஜெபா அக்கா. "நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால மிஷனரிங்க கொண்டுவந்தாங்க."

"எங்களுக்கும்," என்றார் க்வாபெனா.

"எங்களுக்கும்," என்றாள் லால்ரின்பூயி.

ஆண்ட்ரூ வாய்விட்டுச் சிரித்தார். "எங்க ஊர்ல இப்ப இதை வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கண்டுபிடிக்க நான் ஊர் ஊரா அலையணும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிக்கணும்," என்றார்.

அப்போதுதான் அவர், பியானோமேல் கிடந்த மூலத்தாளில் ஜெபா அக்கா கட்டங்களுக்குப் போட்டிருந்த சிவப்பு எண்களைக் கவனித்தார். எல்லாத் தாள்களிலும் போட்டாகிவிட்டது என்று நான் சொன்னேன். ஜெபா அக்கா என்னை முறைத்தார்.

ஆடிஷன் நடந்தது. எதில் வேண்டுமானாலும் படித்துப் பாடலாம் என்று விதி மாறியது. விலகிப்போன ஒன்பது பேருக்கும் ஜெபா அக்கா தானே போன் செய்தார். ஐந்து பேர் திரும்பி வந்தார்கள், நான்கு பேர் வரவே இல்லை. அந்த நான்கு பேரைப் பற்றி அவருக்கு இன்றும் வருத்தம் உண்டு. "எண்ண மொதல்லயே போட்டுருந்தா அவங்க போயிருக்க மாட்டாங்க," என்பார். எவ்வளவு சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நான் எதிர்பார்க்காத இன்னொன்றையும் செய்தார். ஜெயித்தாயிற்றே என்று இருந்துவிடாமல் ஆண்ட்ரூவிடம் போய், "எனக்கு ஸ்டாஃப் தடங்கலில்லாமப் படிக்கணும் சார், ஆறு மாசத்துல சொல்லிக்கொடுங்க" என்று கேட்டார். ஐம்பத்தோரு வயதில் ஒருவர் இப்படிக் கேட்டால் யார் மறுப்பார்கள்? சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பு ஆரம்பமானது. முதல் மணி நேரம் ஆண்ட்ரூ எங்களுக்கு ஸ்டாஃப் சொல்லிக்கொடுப்பார். அடுத்த மணி நேரம் க்வாபெனாவும் ஜெபா அக்காவும் அவருக்கும் மற்றவர்களுக்கும் சோல்ஃபா சொல்லிக்கொடுப்பார்கள். ஆண்ட்ரூவுக்கு டீ என்ற ஸ்வரத்தின் எழுத்துக்கும் ரேயின் எழுத்துக்கும் அடிக்கடி குழப்பம் வரும். க்வாபெனா கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டார். "சார், மறுபடி" என்பார். பத்தாவது வாரத்திலிருந்து ஆண்ட்ரூ தன் பள்ளியின் குழந்தைகளுக்கும் அதைச் சொல்லித்தர ஆரம்பித்தார்.

அந்த வருடக் கச்சேரிதான் சங்கத்தின் வரலாற்றிலேயே பெரியது. எழுபத்திரண்டு பேர் மேடையில், வெளியூரிலிருந்து வந்த வாத்தியக்காரர்கள், நிரம்பிய அரங்கு. இறந்தவர்களுக்காகப் பாடும் நீண்ட பிரார்த்தனைப் பாட்டு ஒன்றைப் பாடினோம். கேட்டவர்களில் ஹசன் அலி என்ற பஹ்ரைனி முதியவரும் இருந்தார். வாரம் மூன்று நாள் ஜெபா அக்காவின் பிரிவில் நான்கு மணி நேரம் மெஷினோடு கிடப்பவர். மெஷின்களைச் சுற்றி வரும்போது ஜெபா அக்கா தன் ஆல்ட்டோ வரியை முணுமுணுத்து மனப்பாடம் செய்வது வழக்கம். அதைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பழகிவிட்டதாம். இரண்டு மகள்களோடு வந்திருந்தார். கச்சேரி முடிந்ததும் மேடைப் பக்கம் வந்து குறைபட்டுக்கொண்டார்.

"சிஸ்டர், எல்லாம் நல்லா இருந்துச்சு. ஆனா நீ ஆஸ்பத்திரியில பாடுவியே, அந்தப் பாட்ட இவங்க பாடவே இல்லையே?"

"அதுவும் இருந்துச்சு பாபா. மத்த மூணு குரலுக்கு நடுவுல இருந்துச்சு," என்றார் ஜெபா அக்கா. அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கொரோனா வந்த இரண்டு வருடம் பாட்டே இல்லை. சேர்ந்து மூச்சு விடுவதே ஆபத்து என்று ஆன பிறகு சேர்ந்து பாடுவது எப்படி? டயாலிசிஸை ஒருநாள்கூட நிறுத்த முடியாது என்பதால் ஜெபா அக்கா ஒருநாள்கூட வீட்டில் இருக்கவில்லை. பிளாஸ்டிக் உடுப்புக்குள் பன்னிரண்டு மணி நேரம். ஹசன் அலி அந்த முதல் வருடமே போய்விட்டார். அதை மட்டும் எனக்குப் போனில் சொல்லிவிட்டு ஜெபா அக்கா வைத்துவிட்டார். ஆனால் சங்கத்தில் இருந்த ஒவ்வொருவரையும், எந்த ஊரில் மாட்டிக்கொண்டிருந்தாலும், மாதம் ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தார். 2022இல் அரங்கக் கதவு மறுபடி திறந்தபோது ஐம்பத்து நான்கு பேர் வந்து நின்றோம். இதுபோன்ற மற்ற குழுக்கள் பல கலைந்தே போய்விட்டன. நாங்கள் கலையாததற்கு அந்த போன்கள்தான் காரணம் என்பது என் எண்ணம். ஜெபா அக்கா அதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சங்கத்தின் அலமாரியில் இப்போது அவருடைய கையெழுத்தில் நாற்பத்தொரு கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு குரல்கள், கட்டம் கட்டமாக, சிவப்பு எண்களோடு. ஜெனோ கனடாவில் இருக்கிறான். "கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்மா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். தேவசுந்தரம் அண்ணன் யார்டிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், இன்னும் கோடு போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஜெபா அக்காவுக்கு வேலையில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். க்வாபெனா கத்தார் போய் மூன்று வருடம் ஆகிறது. அங்கே ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். நான் போயிருந்த நேரத்தில்தான் அவரிடமிருந்து வீடியோ வந்தது. தோஹாவில் ஒரு தொழிலாளர் கேம்ப்பின் மெஸ் ஹாலில் இருபது பேர் நிற்கிறார்கள். கானாக்காரர்கள், நைஜீரியாக்காரர்கள், கென்யாக்காரர்கள், ஓரத்தில் நம் நாகர்கோவில் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர். எல்லோர் கையிலும் ஜெபா அக்கா எழுதிய தாளின் ஜெராக்ஸ். பாடுகிறார்கள். அடுத்த மாதம் முதல் கச்சேரி என்று கீழே செய்தி.

தேவசுந்தரம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெபா அக்கா போனைக் காதோடு வைத்து மறுபடி ஓடவிட்டார். முகம் சுருங்கியது.

"என்ன அக்கா?"

"பதினாலாவது பக்கத்துல டெனர் தப்பாப் பாடுதாங்க."

"அவங்க புதுசுதானே, போகப் போகச் சரியாயிடும்."

"அவங்க தப்பில்ல. நான் தப்பா எழுதியிருக்கேன். ஃபான்னு இருக்கு, ஃபே வரணும். அரை ஸ்வரம் கூட." எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்துவந்தார். "அப்படியே மனப்பாடம் ஆச்சுன்னா அப்புறம் மாத்த முடியாது."

அங்கேயே தோஹாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் க்வாபெனா, "சிஸ்டர், எப்படி இருந்துச்சு?" என்று ஆவலோடு கேட்பது எனக்கே கேட்டது.

"ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றார் ஜெபா அக்கா. "பேனா எடுத்துக்கிடுங்க."